முளைக்கும் வரைதான் வீடு

ஆடிப்பட்டத்துக்கு நாற்று விடும் காலம் வந்தால் என்னிடம் வரும் கேள்விகளில் பாதி ஒரே கேள்விதான். ‘விதை நன்றாக முளைத்தது. நாலே நாளில் நூலாக நீண்டு சாய்ந்துவிட்டது. என்ன உரம் போடலாம்?’ உரம் எதுவும் வேண்டாம். தட்டை எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று திருப்பிக் கேட்டால், வரவேற்பறை ஜன்னல், சமையலறை மேடை, மாடிப்படி வளைவு என்று பதில் வரும். சிக்கல் அங்கேதான் இருக்கிறது.

காய்கறி விதையை வீட்டுக்குள் முளைக்கவைத்து, நாற்றையும் வீட்டுக்குள்ளேயே வளர்ப்பது குளிர்நாட்டு வழக்கம். இங்கிலாந்திலும் கனடாவிலும் வசந்தம் பிறந்த பிறகும் உறைபனி விழும். அது ஓயும் வரை காத்திருந்தால் தக்காளி காய்க்கக் கோடை போதாது. ஆகவே பிப்ரவரி, மார்ச்சிலேயே வீட்டுக்குள் விதைத்து, அடியில் சூடேற்றும் விரிப்பு, தலைக்கு மேல் குழல்விளக்கு என்று ஏற்பாடு செய்கிறார்கள். அவர்களுடைய காணொளியைப் பார்த்து நாமும் ஜன்னலோரம் தட்டு அடுக்குகிறோம். தக்காளியும் மிளகாயும் முளைக்கக் கேட்கும் 25 முதல் 30 டிகிரி வெப்பம் நம் சமவெளியில் பெரும்பாலான மாதங்களில் சும்மாவே கிடைக்கிறது. ஊட்டி, கொடைக்கானல்காரர்களுக்கு மார்கழி, தை பனி உண்டு, அவர்கள் கணக்கு வேறு. மற்ற ஊர்களில் நாம் நாற்றைக் காப்பாற்ற வேண்டியது குளிரிலிருந்து அல்ல. உச்சிவெயில், அடித்துப் பெய்யும் மழை, எறும்பு, அணில், வெள்ளை ஈ ஆகியவற்றிலிருந்து. இவற்றில் வீடு உதவுவது முதல் வாரத்துக்கு மட்டும். முளை தலைகாட்டிய அன்றே தட்டு வெளியே போயாக வேண்டும்.

எதற்கு நாற்று, எதற்கு நேரடி விதைப்பு என்பதை முதலில் பிரித்துவிடுவோம். தக்காளி, கத்தரி, மிளகாய், முட்டைக்கோஸ், காலிஃபிளவர் இவையெல்லாம் நாற்று விட்டு நட வேண்டியவை. வெண்டை, கொத்தவரை, அவரை, முள்ளங்கி, கேரட், பீட்ரூட், கீரை இவற்றைச் செடி வளர்க்கும் பையிலேயே நேராக ஊன்றிவிடுங்கள். கேரட், முள்ளங்கி நாற்றைப் பிடுங்கி நட்டால் கிழங்கு கோணலாகப் பிளந்து வரும். பாகல், பீர்க்கு, புடலை, சுரை இரண்டுங்கெட்டான். அவற்றுக்குப் பிறகு வருகிறேன்.

நாளைப் பின்னாலிருந்து எண்ணுங்கள். தக்காளி நாற்று 25 நாளில் நடவுக்குத் தயாராகும். கத்தரிக்கு 30 முதல் 35 நாள், மிளகாய்க்கு 35 முதல் 40 நாள், கோஸ் வகைகளுக்கு 25 முதல் 30 நாள். ஆடி முதல் வாரத்தில் நட வேண்டும் என்றால் மிளகாயும் கத்தரியும் ஆனி பிறப்பதற்கு முன்பே விதைக்குள் போயிருக்க வேண்டும். தக்காளிக்கு ஆனி இரண்டாம் வாரம் போதும். எல்லாவற்றையும் ஒரே ஞாயிற்றுக்கிழமை விதைத்துவிட்டு, மிளகாய் மட்டும் ஏன் இன்னும் பொடிசாக நிற்கிறது என்று கவலைப்பட வேண்டியதில்லை. அதன் குணம் அது.

விதை வாங்கும்போது பாக்கெட்டின் முன்பக்கப் படத்தை விட்டுவிட்டுப் பின்பக்கத்தைப் பாருங்கள். முளைப்புத்திறன் சதவீதம், சோதனை செய்த தேதி, எதுவரை செல்லும் என்ற தேதி மூன்றும் இருக்க வேண்டும். சான்று பெற்ற தக்காளி, கத்தரி விதைக்குக் குறைந்தபட்ச முளைப்புத்திறன் 70 சதவீதம், மிளகாய்க்கு 60. ஆக நல்ல மிளகாய் விதையிலேயே பத்துக்கு நாலு முளைக்காமல் போகலாம் என்பதை மனதில் வைத்து எண்ணிக்கையைக் கூட்டிக்கொள்ளுங்கள். ரகத்தில், நீங்களே விதை எடுத்து மறுபடி விதைக்க நினைத்தால் பெரியகுளத்தின் பி.கே.எம். 1 தக்காளி, கோவில்பட்டியின் கே. 1, கே. 2 மிளகாய் போன்றவை சரி. இலைச்சுருட்டை நோய் உங்கள் தெருவில் நிரந்தரக் குடியிருப்பு என்றால் பெங்களூரு தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்தின் அர்கா ரக்ஷக் வீரிய ஒட்டு ரகத்தை எடுங்கள், அதில் மறுவிதை எடுக்க முடியாது என்ற நிபந்தனையோடு. கடைத் தக்காளியைப் பிதுக்கி விதைப்பவர்கள் உண்டு. முளைக்கும், காய்க்கவும் செய்யும். அந்தப் பழம் பெரும்பாலும் ஒட்டு ரகம் என்பதால் தாயைப் போல வரும் என்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள்.

வீட்டில் மிஞ்சிய பழைய விதை இருந்தால் பத்தை எண்ணி ஈரத்துணியில் மடித்து, டப்பாவில் மூடி வையுங்கள். தக்காளி ஒரு வாரத்தில், மிளகாய் இரண்டு வாரத்தில் கணக்கைச் சொல்லிவிடும். ஐந்துக்குக் கீழே முளைத்தால் அந்த விதைக்காகத் தட்டையும் அதை நிரப்பும் ஊடகத்தையும் வீணாக்க வேண்டாம்.

இனி ஊடகம். நாற்றுத்தட்டின் குழிகளில் தோட்டத்து மண்ணைத் தனியாக நிரப்பாதீர்கள். சின்னக் குழியில் மண் இறுகிப்போகும், அதிலுள்ள பூசணங்களும் கூடவே வரும். தென்னை நார்க்கழிவு, அதாவது கோகோபீட், நம் ஊருக்கு வாய்த்த வரம். பொள்ளாச்சி வட்டாரத்தில் கயிறு திரித்த மிச்சம் இன்று உலகம் முழுக்க நாற்றுப் பண்ணைகளுக்குப் போகிறது. ஆனால் கடையில் வாங்கிய கட்டியை ஊறவைத்து அப்படியே குழியில் நிரப்பக் கூடாது. நாரிலேயே இயல்பாகப் பொட்டாசியமும் சோடியமும் உப்பாக இருக்கின்றன. மட்டையை உப்பங்கழியில் ஊறப்போட்டிருந்தால் இன்னும் கூடுதல். பாக்கெட்டில் ‘கழுவியது’ என்று எழுதியிருந்தாலும் நீங்கள் ஒருமுறை கழுவுங்கள். வாளியில் போட்டு நிறையத் தண்ணீர் ஊற்றி, சில மணி நேரம் ஊறியதும் பழைய துணியில் கொட்டி வடியுங்கள். காப்பி நிறத்தில் வரும் தண்ணீர் வெளிறும் வரை, இரண்டு மூன்று தடவை. அலுப்பான வேலைதான், ஆனால் முளைத்த நாற்றின் இலைநுனி கருகுவதில் பாதி இங்கேயே நின்றுவிடும்.

கோகோபீட்டில் ஈரம் நிற்கும், சத்து கிடையாது. சலித்த மண்புழு உரம் ஒரு பங்கு, கோகோபீட் மூன்று பங்கு என்று கலந்துகொண்டால் முதல் மூன்று வாரத்துக்கு வேறு தீனி அநேகமாகத் தேவைப்படாது. கிலோவுக்கு ஒரு மேசைக்கரண்டி வேப்பம்புண்ணாக்குத் தூள், ஒரு தேக்கரண்டி டிரைக்கோடெர்மா விரிடி என்ற நன்மை செய்யும் பூசணத்தூள் சேர்ப்பது நல்லது. பச்சைச் சாணம், மக்காத எரு எதுவும் கிட்டேயே வரக் கூடாது. சூடு கிளம்பி முளையைச் சுட்டுவிடும். கலந்ததைக் கைப்பிடி எடுத்துப் பிழிந்தால் விரலிடுக்கில் ஒன்றிரண்டு சொட்டு எட்டிப்பார்க்க வேண்டும். தண்ணீர் ஒழுகினால் ஈரம் அதிகம், உதிர்ந்தால் போதவில்லை.

பாத்திரத்துக்குப் பெரிய செலவு வேண்டாம். 98 குழித்தட்டு வணிகப் பண்ணைக்கு. வீட்டுக்கு 50 குழித்தட்டு வசதி, குழி பெரியதாக இருப்பதால் ஒருவேளை தண்ணீர் ஊற்ற மறந்தாலும் தாங்கும். தயிர் டப்பா, காகிதக் கோப்பை, தேங்காய்ச் சிரட்டை, அரை லிட்டர் பால் கவர் எல்லாமே சரி, அடியில் மூன்று துளை இருந்தால். முட்டை அட்டையைப் பரிந்துரைப்பவர்கள் ஏராளம். எனக்கு அதில் உடன்பாடில்லை. அட்டை ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு நாற்றைக் காயவிடும், இரண்டாம் வாரம் தானும் பூஞ்சை பிடித்துக் குழைந்துபோகும்.

விதைக்கும் ஆழம் விதையின் பருமனைப்போல் இரண்டு மூன்று மடங்கு. தக்காளி, கத்தரி, மிளகாய்க்கு அரை சென்டிமீட்டர் போதும். குழிக்கு ஒன்று, பழைய விதையென்றால் இரண்டு. மேலே கோகோபீட்டைத் தூவி விரலால் லேசாகத் தட்டிவிடுங்கள். அமுக்க வேண்டாம், ஒரேயடியாகத் தளர்வாக விடவும் வேண்டாம். மிளகாய் விதையை மட்டும் முந்தைய இரவே தண்ணீரில் ஊறப்போட்டால் இரண்டு மூன்று நாள் மிச்சமாகும். சிவப்பு அல்லது பச்சைச் சாயம் பூசிய விதை மருந்து நேர்த்தி செய்தது. அதை ஊறவைக்காதீர்கள், தொட்ட கையைக் கழுவிக்கொள்ளுங்கள். ரகத்தின் பெயரை ஐஸ் குச்சியில் பென்சிலால் எழுதிக் குத்திவையுங்கள். பேனா மை ஒரு வாரம்கூட நிற்காது. முளைத்த பிறகு ஒரு கத்தரி ரகத்துக்கும் இன்னொன்றுக்கும் வித்தியாசம் காய் வந்தால்தான் தெரியும்.

ஓசூர், ராயக்கோட்டைப் பக்கத்து நாற்றுப் பண்ணைகளில் விதைத்த தட்டுகளை எட்டு, பத்தாக ஒன்றன்மேல் ஒன்று அடுக்கி, பாலித்தீன் விரிப்பால் மூடிவிடுவார்கள். உள்ளே ஈரமும் வெதுவெதுப்பும் ஒரே சீராக இருக்கும். தண்ணீர் ஊற்ற வேண்டிய வேலையும் இல்லை. வீட்டில் இதற்குச் சமம், தட்டின்மேல் ஒரு பாலித்தீன் உறையைப் போர்த்தி வீட்டுக்குள் வெயில்படாத மூலையில் வைப்பது. தக்காளி, கத்தரி, மிளகாய் முளைக்க வெளிச்சம் தேவையில்லை. குளிர்சாதன அறை மட்டும் வேண்டாம். எறும்புத் தொல்லை இருந்தால் தட்டை ஒரு முக்காலிமேல் வைத்து, அதன் கால்களைத் தண்ணீர்க் கிண்ணங்களில் நிறுத்துங்கள்.

நாலாம் நாளிலிருந்து காலையும் மாலையும் உறையைத் தூக்கிப் பாருங்கள். விதைக்குள்ளிருந்து முதலில் வேர் இறங்கும். பிறகு வெள்ளைத் தண்டு கொக்கிபோல் வளைந்து, முதுகால் ஊடகத்தை முட்டித் தூக்கும். அந்த முதுகு தெரியும் வேளைதான் முக்கியம். வெளிச்சம் பட்டால் கொக்கி நிமிர்ந்து, விதையிலை இரண்டும் விரிந்து, பச்சை பிடித்து, தண்டு அத்தோடு நீளத்தைக் குறைத்துக்கொண்டு தடிக்கத் தொடங்கும். இருட்டிலேயே விட்டால் ‘இன்னும் மண்ணுக்குள்தான் இருக்கிறேன்’ என்ற கணக்கில் அது நீண்டுகொண்டே போகும். ஒரே இரவில் விரல்கடை நீளம் ஏறிவிடும். தட்டில் பாதி முளைத்து மற்றது முளைக்கவில்லை என்று காத்திருக்காதீர்கள். மூன்றில் ஒரு பங்கு முதுகு காட்டினாலே உறையை எடுத்துவிட்டு வெளியே கொண்டுபோங்கள். மீதி வெளிச்சத்திலேயே முளைத்துக்கொள்ளும்.

சில முளைகள் விதையுறையைத் தொப்பியாகத் தலையில் மாட்டிக்கொண்டு வரும். பிடித்து இழுத்தால் இலையும் கூடவே பிய்ந்துவிடும். காலையில் அதன்மேல் இரண்டு தடவை தண்ணீர் தெளித்து, அரை மணி நேரம் ஊறியதும் பல்குச்சியால் தள்ளினால் கழன்றுவிடும். தட்டு முழுக்க இப்படி வந்தால் விதையை மிக மேலாக ஊன்றியிருக்கிறீர்கள்.

வெளிச்சம் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நம் கண் இருட்டுக்கும் வெளிச்சத்துக்கும் தன்னைச் சரிசெய்துகொள்வதால், அறை நன்றாக வெளிச்சமாக இருப்பதாகத்தான் தோன்றும். நண்பகல் வெட்டவெளியில் ஒரு லட்சம் லக்ஸ் என்றால், விளக்குப் போட்ட வீட்டு அறையில் சில நூறுதான். ஜன்னலோரம் சில ஆயிரம் கிடைத்தாலும் அது ஒரு பக்கத்திலிருந்து மட்டும். நாற்று அந்தப் பக்கமாகச் சாயும்.

பால்கனியில் வளர்ப்பவர்கள் திசையைப் பருவத்தோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். ‘தெற்குப் பார்த்த ஜன்னல்’ என்ற குளிர்நாட்டு அறிவுரை நமக்கு ஆடியில் பலிக்காது. சென்னையில் ஏப்ரல் கடைசி வாரத்திலிருந்து ஆகஸ்ட் மூன்றாம் வாரம் வரை நண்பகல் சூரியன் உச்சிக்குச் சற்று வடக்கே நிற்கிறது. மதுரை, நெல்லைப் பக்கம் இந்தக் காலம் இன்னும் நீளம். அந்த மாதங்களில் தெற்குப் பால்கனிக்கு உச்சிவெயில் நேராக விழாது. கார்த்திகை, மார்கழி, தையில் அதே பால்கனிதான் நாள் முழுக்க வெயில் வாங்கும். ஆடிப்பட்ட நாற்றுக்குக் கிழக்குப் பக்கம் முதல்தரம்: காலை வெயில் நாலு மணி நேரம், பிற்பகலில் நிழல். வேறு வழியே இல்லாத அடுக்ககவாசிகள் வெள்ளை எல்.இ.டி. குழல்விளக்கை நாற்றின் தலைக்கு ஒரு சாண் மேலே தொங்கவிட்டு, தினம் 14 மணி நேரம் எரியவிடலாம். அதற்கென்று விற்கும் ஊதா விளக்கு தேவையில்லை.

மொட்டைமாடியில் வைப்பவர்களுக்கு எதிர்ச்சிக்கல். தளத்துச் சூடு கருப்புத் தட்டை அடியிலிருந்து வாட்டும். செங்கல் அடுக்கி அதன்மேல் பலகை போட்டுத் தட்டை வையுங்கள். முதல் வாரம் காலை பத்து மணி வரை நேர் வெயில், அதன்பிறகு 50 சதவீத நிழல்வலைக்குக் கீழே. மழை அடித்துப் பெய்யும்போது மட்டும் உள்ளே எடுங்கள். பூவாளியின் மெல்லிய தூறலுக்கே சாயும் முளை, ஆடிமாத இடிமழையில் நிற்காது. காற்று நல்லது. காற்றே இல்லாத மூலை என்றால் தினம் ஒருமுறை உள்ளங்கையால் நாற்றுத்தலைகளை இப்படியும் அப்படியுமாக மெல்ல வருடிவிடுங்கள். விளையாட்டாகத் தோன்றலாம். அசைவுபட்ட தண்டு குட்டையாகத் தடிக்கும் என்பது சோதித்துப் பார்த்த விஷயம்.

தண்ணீரில்தான் அன்பு கூடிப்போகிறது. நாற்றழுகல் என்று ஒரு நோய் உண்டு. நேற்றுவரை நிமிர்ந்து நின்ற நாற்று இன்று காலை மல்லாந்து கிடக்கும். குனிந்து பார்த்தால் தண்டு ஊடகத்தைத் தொடும் இடத்தில் மட்டும் தண்ணீர் கோத்து, இடுங்கி, நூலாகியிருக்கும். மேலே இலை இன்னும் பச்சையாகவே இருக்கும். பித்தியம் என்ற பூசணத்தின் வேலை. அதிக ஈரம், நெருக்க விதைப்பு, காற்றோட்டமின்மை மூன்றும் அதற்கு விருந்து. விழுந்த நாற்றை எழுப்ப மருந்து கிடையாது. அந்தக் குழியையும் சுற்றியுள்ளவற்றையும் எடுத்து எறிந்துவிட்டு, தட்டை ஒரு நாள் காயவிடுங்கள். மீதியைக் காப்பாற்ற, லிட்டருக்கு 2.5 கிராம் காப்பர் ஆக்ஸிகுளோரைடு கரைத்து வேரில் படும்படி ஊற்றலாம். இயற்கை வழியில் நிற்பவர்கள் முன்கூட்டியே சூடோமோனாஸ் என்ற நன்மை செய்யும் பாக்டீரியாக் கரைசல் விட்டுவைக்க வேண்டும்; விழ ஆரம்பித்த பிறகு அதன் கை ஓங்காது.

ஆகவே காலையில் மட்டும் தண்ணீர். மாலையில் ஊற்றினால் இரவு முழுக்கத் தண்டடி நனைந்தே இருக்கும். மேற்பரப்பின் நிறத்தைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். கோகோபீட் மேலே வெளிறிக் காய்ந்த மாதிரி காட்டிக்கொண்டு அடியில் சொதசொதவென்று இருக்கும். தட்டைத் தூக்கிப் பாருங்கள். நனைந்த தட்டின் கனமும் காய்ந்த தட்டின் கனமும் ஒரு வாரத்தில் கைக்குப் பழகிவிடும். தாம்பாளத்தில் ஒரு விரல்கடை தண்ணீர் விட்டு, தட்டை அதில் கால்மணி நேரம் வைத்து எடுப்பது இன்னும் நல்லது. அடியிலிருந்து உறிஞ்சிக்கொள்ளும், தண்டு நனையாது. சென்னையில் ஆர்.ஓ. கருவியின் கழிவுத் தண்ணீரைச் செடிக்கு விடும் சிக்கனம் பரவலாகிவிட்டது. தென்னைக்கு விடுங்கள், நாற்றுக்கு வேண்டாம். குடிநீரிலிருந்து கழித்த உப்பு அத்தனையும் அதில்தான் இருக்கிறது. ஏ.சி. பெட்டியிலிருந்து சொட்டும் தண்ணீரில் உப்பு இல்லை, அது உதவும்.

முதல் உண்மையிலை விரிந்த பிறகுதான் உணவு. விதையிலைகள் இரண்டும் அதுவரைக்கும் கட்டுச்சோறு கொண்டுவந்திருக்கின்றன. நாற்று வெளிறினால் 19:19:19 கரையும் உரத்தை லிட்டருக்கு 2 அல்லது 3 கிராம், அல்லது பஞ்சகவ்யாவை வழக்கமான 30 மில்லியில் பாதியாக, வாரம் ஒருமுறை. கரும்பச்சையாகக் கொழுகொழுவென்றிருக்கும் நாற்றைப் பார்த்து மகிழாதீர்கள், பூச்சியும் அதைத்தான் தேடி வரும்.

பூச்சி என்றால் நாற்றுப் பருவத்தில் ஒன்றே ஒன்றுக்குப் பயப்படுங்கள்: வெள்ளை ஈ. தக்காளியின் இலைச்சுருட்டை நச்சுயிரியைச் சுமந்து வருவது அது. வளர்ந்து காய்த்த செடிக்கு வந்தால் விளைச்சல் குறையும். நாலு இலை நாற்றுக்கு வந்தால் செடியே அவ்வளவுதான். பண்ணைகளில் 40, 50 கண் பூச்சிவலை கட்டுகிறார்கள். கொசுவலை இதற்கு உதவாது, அதன் கண் வழியாக வெள்ளை ஈ தாராளமாகப் போய்வரும். பழைய வாயில் புடவை ஒன்றை நாலு குச்சி நட்டுத் தட்டின்மேல் கூடாரமாகப் போர்த்தி, ஓரத்தைக் கல் வைத்து அமுக்கிவிட்டால் போதும். அணிலும் கொண்டலாத்தியும்கூட அதோடு ஒதுங்கிக்கொள்ளும்.

இப்போது இடமாற்றம். தக்காளிக்கு நடுவில் இன்னொரு கோப்பை தேவையில்லை, 25 நாளில் தட்டிலிருந்து நேராகப் பெரிய பைக்குப் போகலாம். மிளகாயும் கத்தரியும் மெதுவாக வளர்பவை. அத்தனை சின்ன வேரை 15 அங்குலப் பையில் நட்டால், வேர் எட்டாத மண்ணெல்லாம் நாள்கணக்கில் ஈரமாகவே கிடந்து புளித்துப்போகும், மழைக்காலத்தில் கேட்கவே வேண்டாம். அவற்றை மூன்றாம் வாரம் ஒரு 200 மில்லி கோப்பைக்கோ பால் கவருக்கோ மாற்றி, அங்கே இரண்டு மூன்று வாரம் வேர் பிடிக்கவைத்து, பிறகு பைக்குக் கொண்டுபோவது லாபம். ஒரே டப்பாவில் நெருக்கமாகத் தூவி விதைத்தவர்களுக்கு எந்தச் செடியானாலும் இந்த நடுநிலை கட்டாயம். முதல் உண்மையிலை வந்த உடனே பிரித்தாக வேண்டும்; தள்ளிப்போட்டால் வேர்கள் பின்னிக்கொண்டு பிய்ந்துதான் வரும்.

கோப்பைக்கான கலவை செம்மண், கோகோபீட், மண்புழு உரம் மூன்றும் சமபங்கு. கோப்பையை முக்கால்வாசி நிரப்பி, நனைத்து, நடுவில் பென்சிலால் குழி போட்டுவைத்துவிட்டுத் தட்டிடம் போங்கள். தட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பே தண்ணீர் காட்டியிருக்க வேண்டும். குழியின் அடியில் பெருவிரலால் அழுத்தினால் வேர்க்கட்டி மொத்தமாக மேலே எழும்பும். வெள்ளை வேர்கள் கட்டியைச் சுற்றி வலையாகப் படர்ந்திருந்தால் சரியான தருணம். உதிர்ந்தால் இன்னும் நாலு நாள் பொறுங்கள். வேர் பழுப்பேறி அடியில் வட்டமாகச் சுற்றியிருந்தால் தாமதம், அந்தச் சுற்றை விரலால் லேசாகக் கலைத்துவிட்டு நடுங்கள். நாற்றைப் பிடிப்பது இலையில், தண்டில் அல்ல. இலை ஒன்று போனால் இன்னொன்று வரும். நசுங்கிய தண்டுக்கு மாற்று இல்லை.

எவ்வளவு ஆழம் என்பதில் செடிக்குச் செடி வித்தியாசம் உண்டு. தக்காளித் தண்டு மண்ணைத் தொட்ட இடமெல்லாம் வேர்விடும். அதை விதையிலைக்கு மேலேயும் புதைக்கலாம், நீண்டு போன நாற்றுக்கு அதுதான் வைத்தியம். புதைபடும் இலைகளைக் கிள்ளிவிடுங்கள். கோஸ் வகையை விதையிலை வரைக்கும். மிளகாயையும் கத்தரியையும் தட்டில் இருந்த அளவோடு நிறுத்துங்கள். அவற்றின் மென்தண்டு ஈரமண்ணில் புதைந்தால் வேர்விடுவதைவிட அழுகுவதற்கே வாய்ப்பு அதிகம்.

இன்னொரு நுணுக்கம் பலருக்குத் தெரிவதில்லை. கோகோபீட் வேர்க்கட்டியின் தலை மண்ணுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தால், சுற்றிலும் மண் ஈரமாக இருக்கும்போதே அந்தக் கட்டி மட்டும் காற்றில் காய்ந்து, நாற்று வாடும். நாமோ ‘மண்தான் ஈரமாக இருக்கிறதே’ என்று குழம்புவோம். கட்டியின்மேல் அரை சென்டிமீட்டர் கலவை மூடும்படி நடுங்கள்.

பெரிய பைக்கு மாற்றுவதற்கு ஒரு வாரம் முன்பிருந்து நாற்றைப் பழக்க வேண்டும். நிழல்வலையை தினம் ஒரு மணி நேரம் கூடுதலாக விலக்கி, தண்ணீரைச் சற்றுக் குறைத்து, ஆறாம் ஏழாம் நாளில் முழு வெயிலில் நிற்கும்படி. தண்டடி லேசாக ஊதா படர்ந்து கெட்டியானால் பழகிவிட்டது. நாற்றுப் பண்ணையில் விலைக்கு வாங்கியதையும் இப்படி இரண்டு மூன்று நாள் வைத்திருந்து நடுங்கள், வலைக்குடிலில் இருந்து நேராக உங்கள் மொட்டைமாடிக்கு வந்தால் மிரண்டுபோகும்.

நடவு மாலை நாலரைக்கு மேல். தக்காளி, கத்தரி, மிளகாய்க்குப் பையின் ஆழமும் அகலமும் 12 அங்குலத்துக்குக் குறையக் கூடாது, பைக்கு ஒரு செடி. இரண்டு நட்டால் இரட்டிப்பாகக் காய்க்கும் என்பது ஆசை மட்டும்தான். நட்டதும் நிறையத் தண்ணீர், பிறகு ஒரு வாரம் உரம் கிடையாது. முதல் இரண்டு நாள் உச்சிவெயிலுக்கு ஒரு தென்னங்கீற்றுத் துண்டோ செய்தித்தாள் குல்லாயோ போதும். மதியம் துவண்டு மாலையில் நிமிர்ந்தால் பயமில்லை. பொழுது விடியும்போதே துவண்டிருந்தால் வேரைத் தோண்டிப் பாருங்கள்.

விட்டுவைத்த கொடிவகைக்கு வருவோம். பாகல், பீர்க்கு, புடலை வேருக்குக் கை படுவது பிடிக்காது. குழித்தட்டில் விடுவதானால் 10, 12 நாளுக்குள் நட்டுவிட வேண்டும். என் கட்சி, காகிதக் கோப்பையில் ஒரு விதை ஊன்றி, இரண்டாம் உண்மையிலை வந்ததும் அடியைக் கத்தரித்துவிட்டுக் கோப்பையோடு புதைப்பது. பாகல் விதையின் ஓடு கெட்டி. நகவெட்டியால் கூர்முனையின் ஓரத்தை மட்டும் சீவி, இரவு முழுக்க ஊறவைத்தால் ஒரு வாரத்தில் முளைக்கும், இல்லாவிட்டால் அது தன் இஷ்டத்துக்கு வரும்.

எத்தனை பை வைத்திருக்கிறீர்களோ அதைவிட நாலைந்து நாற்று கூடுதலாக வளருங்கள். நட்ட ஒரு வாரத்தில் ஒன்றிரண்டு போவது சகஜம், மாற்று நாற்று அதே வயதில் கையில் இருக்க வேண்டும். பத்து நாள் தாண்டியும் மிஞ்சியிருப்பதை யாரிடமாவது கொடுத்துவிடுங்கள். 40 நாள் தட்டிலேயே கிடந்து பூ எடுத்த தக்காளி நாற்றைப் பாவம் பார்த்து நட்டவர்களுக்குக் கிடைப்பது ஒரு குட்டைச் செடியும் நாலு சிறு காயும்தான்.